செக்குபந்தி

பாலக்கோடு சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிர்வரிசை,
ஜெராக்ஸ் கடைக்கும் முத்திரைத்தாள் விற்பவருக்கும் நடுவில்
பத்திர எழுத்தர் முனிரத்தினத்தின் அறை.
"ஐந்நூறுன்னு சொல்லித்தானே வித்தான்,
பொட்டி எவ்வளவு காட்டுதுன்னு பாரும்மா"
திரையை என் பக்கம் திருப்பினார்.
நூற்றுப் பதினொன்று.
அதிலும் சிவப்புக்கோடு, மூன்று ஜிபி பாக்கி.
ஸ்கேன் எடுத்தால் வைக்க இடமில்லை என்கிறது.
வெளியே கிரயம் முடிக்க வந்த
இரண்டு கார் சொந்தக்காரர்கள்
தக்காளி லாரிகளைத் திட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

முதலில் முப்பத்தைந்துக்குக் கணக்குச் சொன்னேன்.
விற்கிறவன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான்,
கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்து நான்காக எண்ணுகிறது.
அவர் சிரித்தார்.
"சங்கிலியில அளந்ததும்
மெஷின்ல அளந்ததும்
எந்த ஊர்ல ஒத்துப்போச்சு?"
முப்பத்தைந்தைத் தள்ளுபடி செய்துவிட்டார்.

மிச்சத்தைத் தேடி உள்ளே போனேன்.
ஹார்ட் டிஸ்க் நீளப்பட்டையாக,
புலப்படம் மாதிரி விரிந்தது.
நீலத் தலைப்போடு சி.
அதற்குக் கிழக்கே ஒடுங்கலாய் ஒரு துண்டு,
மீட்புப் பகுதி, அரை ஜிபி.
அதற்கும் கிழக்கே
கறுப்புத் தலைப்போடு, எழுத்தும் பேரும் இல்லாமல்
முந்நூற்று ஐம்பத்து மூன்று.

போன ஆடியில் பழைய சின்ன டிஸ்கை
இதில் அப்படியே நகலெடுத்தவன்
பழைய அளவுக்கே வேலி போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

"புறம்போக்கா?"
இல்லைங்க, உங்க இடம்தான். யார் பேர்லயும் ஏறலை.
"அப்ப சேர்த்துடு."
சேராது.
ஒட்டினாற்போல் இருந்தால்தான் சேரும்,
நடுவில் அந்த அரை ஜிபி நிற்கிறது.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
திரைக்குக் குனிந்தார்.
முப்பது வருஷமாய் அவர் எழுதித்தரும் சண்டை
கலர் பூசிக் கிடந்தது.
"வழி இல்லாத நிலம்" என்றார் மெதுவாக.
"நடுவுல இருக்கிறவன் பேச்சுக்கு வருவானா?"
அவனைத் தூக்கிக் கடைசியில் வைக்கலாம்.
ஒரு மணிநேரம் ஆகும். கரண்ட் போகக் கூடாது.
"அது மட்டும் என் கையில இல்ல."

எதற்கும் முன்னால்
பத்திரங்களையெல்லாம் பென்டிரைவில் ஏற்றினேன்.
கிரயம், தானம், பாகப்பிரிவினை,
பேர்கள் திரையில் ஓடின.
ஏழாயிரத்துச் சொச்சத்தில் ஒன்று
விடுதலை_மாதேஸ்வரி.

நான்தான்.
நாலு வருஷத்துக்கு முன்
அண்ணன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தேன்,
இதே நாற்காலி, இதே ஸ்டாம்ப் பேட்.
மாரண்டஅள்ளி ரோட்டை ஒட்டி அறுபத்திரண்டு சென்ட்.
"யாருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இன்றி
என் முழு மனதுடன்" என்று இருக்கும்.
எல்லாத் தங்கச்சிகளுக்கும் அதே வரி,
பேரும் வயசும் மட்டும் மாற்றுவார்.
என் முகம் அவருக்கு நினைவில்லை.
டீ சொல்லவா என்றார்.

கோப்பின் அளவைப் பார்த்தேன்.
நாற்பத்தொரு கேபி.
அழித்தாலும் ஒன்றும் திரும்பாது.
அதுவும் பென்டிரைவில் ஏறி முடிந்தது.

துண்டு நகரத் தொடங்கிற்று.
பதினெட்டு சதவீதத்தில் ஃபேன் நின்றது.
யுபிஎஸ் கத்தியது.
இரண்டு பேரும் பேசவில்லை.
வெளியே யாரோ ஒரு குழந்தையை அதட்டினார்கள்.
ஐந்து நிமிஷம் இருக்கும், ஃபேன் சுற்றியது,
இருபது, இருபத்தொன்று.

மூன்றரைக்கு சி நானூற்று அறுபத்து நான்கு.
வேலி இருந்த தடமே இல்லை.
ஸ்கேன் ஓடியது, கார்க்காரர்கள் உள்ளே வந்தார்கள்,
ஒரு பெண் முந்தானையில் கட்டைவிரலைத் துடைத்தபடி
கடைசியாக வந்தாள்.

அறுநூறு என்றேன்.
ஐந்நூறை எடுத்து நீட்டினார்.
"இடம் என்கிட்டயே இருந்ததுதானேம்மா,
நீ புதுசா என்னத்தக் குடுத்த?"

ஐந்நூறைப் பையில் போட்டுக்கொண்டு
கையை
நீட்டியபடியே வைத்திருந்தேன்.