மணல்மூட்டை

ஒன்பதாவது மாடி, பெல்லந்தூர்.
மணி அடித்தால் லிஃப்ட் நின்றுவிடும்.
படிக்கட்டு வாசலில் காத்திருக்க வேண்டும்
நானும் என் சக்கர நாற்காலியும்.

தூக்க இரண்டு பேர் என்கிறது பட்டியல்.
சுஹாஸ் மார்ச்சிலேயே வேலையை விட்டுவிட்டான்.
ஷெரினுக்குச் செவ்வாய்தோறும் வீட்டிலிருந்து வேலை.
இன்று செவ்வாய்.

போன ஒத்திகையில் எனக்குப் பதில்
ஐம்பத்தெட்டு கிலோ மணல்மூட்டையை இறக்கினார்கள்.
ஆறு நிமிடம். கைதட்டல்.

மூட்டைக்கு இடுப்பில் தகடு கிடையாது.
திருப்பத்தில் சாய்க்கையில்
"மெல்ல" என்று சொல்லவும் தெரியாது.

இம்முறை நானேதான் என்றேன்.
காவலாளி நாகப்பா குனிந்து
கன்னடத்தில் கேட்கிறார்,
எங்கே பிடிக்கட்டும், மேடம்?

படிவத்தில் இல்லாத கேள்வி.
சொன்னேன்.

ஏழாவது மாடியில் அவருக்கு மூச்சு வாங்குகிறது.
இன்னும் நூற்று நாற்பது படி.
எண்ணுவது என் வேலை.