கோல் இல்லா டீம்

மூன்று பேர்தான் கூடப் போனார்கள்.
மற்றவர்களிடம் காரணம் இருந்தது:
எட்வினுக்கு அரியர், எனக்குப் பல்வலி,
விடுதியில் பாதிப் பேருக்கு வெறும் வெயில்.
போன வருடம் சென்னையில் ஆறு வாங்கினோம்.
அதற்கு முந்தின வருடம் ஏழு.
ஒன்று குறைந்ததை முன்னேற்றம் என்று
நோட்டீஸ் போர்டில் எழுதினார் பி.டி. மாஸ்டர்.

தண்ணி இல்லா ஆறு, ராஜா இல்லாக் கோட்டை
என்று வேலூரைக் கிண்டல் செய்யும் பழைய பட்டியலின் கடைசியில்
கோல் இல்லா டீம் என்று
சாக்பீஸால் சேர்த்தது நான்தான்.
கேன்டீன் சுவரில், பெரிய எழுத்தில்.
கையெழுத்து அழகு என்று பெயர் எனக்கு.

நாலு நாற்பதுக்கு போன்.
லைன் முழுக்க இரைச்சல்.
'தணிகை போட்டுட்டான்டா' என்கிறான் பஷீர்.
'எவனை?' என்றேன்.
சண்டை என்றுதான் நினைத்தேன், அம்மா சத்தியமாய்.

'கோலுடா, டேய். கோலு.'

எட்வினிடம் சொன்னேன்.
எட்வின் அடுத்த அறையில் சொன்னான்.
அடுத்த அறை
'இன்னா விளையாடுறியா' என்று கதவைச் சாத்தியது.

அப்புறம் இருபத்திரண்டு நிமிடம்.
போனில் நாலு சதவீதம் சார்ஜ்,
பிளக் இருப்பது பரணுக்குப் பக்கத்தில்.
நாற்காலிமேல் ஸ்டூல், ஸ்டூல்மேல் நான்,
என் கால்களைப் பிடித்தபடி
சற்று முன் கதவைச் சாத்திய அதே ஆட்கள்.
நதீம் பிடிச்சான், என்கிறான் பஷீர்.
நான் கீழே சொல்கிறேன்: நதீம் பிடிச்சான்.
மறுபடி நதீம்.
மறுபடி.
பேரணாம்பட்டுக்காரன். லீவு விட்டால்
தோல் ஷாப்பில் ஈரத்தோல் தூக்கப் போவான்.
'அதைவிடவா பந்து வழுக்கும்?' என்று
ஒருநாள் மெஸ்ஸில் அவன் கேட்டபோது
தட்டைத் தட்டிச் சிரித்தோம்.

அப்புறம் சத்தமே இல்லை.
போன் செத்ததா ஆட்டம் முடிந்ததா தெரியவில்லை.
ஸ்டூலில் நின்றுகொண்டு
நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தேன்.
எந்தப் பல் வலித்தது என்று மறந்துவிட்டது.

ஜெயித்துவிட்டார்கள்.

சந்தோஷத்துக்கு எங்களிடம் வார்த்தை தயாராக இல்லை.
திட்டுவதற்கு நூறு வைத்திருந்தோம்,
ஆறு வருட சீனியர்கள் சேர்த்துக் கொடுத்தது.
அதையே எடுத்துக் கத்தினோம்,
ஓர் எழுத்து மாற்றாமல்,
மூக்கு ஒழுக.

வார்டன் ஓடி வந்தார்.
'ஜெயிச்சுட்டோம் சார்!'
'எதுல?'

ராத்திரி காட்பாடி ஸ்டேஷன்.
வாசலில் பூக்கார அக்கா கேட்டாள்:
'மாலை கல்யாணத்துக்கா, சாவுக்கா?'
ஃபுட்பாலுக்கு என்றான் எட்வின்.
கொஞ்சம் யோசித்து
சம்பங்கியில் எடுத்துக் கொடுத்தாள், இருபது குறைத்து.

வண்டி ஐம்பது நிமிடம் லேட்.
இறங்கியவர்கள் தூக்கத்தில் இறங்கினார்கள்.
தணிகைவேலுக்கு ஒரு காலில் ஷூ, ஒரு காலில் செருப்பு.
மாலையோடு நாற்பது பேரைக் கண்டதும்
வேறு யாரோ வருகிறார்கள் என்று
ஒதுங்கி வழிவிட்டான்.
பிடித்து இழுத்துப் போட்டோம்.
'நான் அடிக்கலடா, முட்டில பட்டுப் போச்சு,
வுடுங்கடா' என்று அழுதான்.
முட்டியைத் தொட்டுக் கும்பிட்டான் பஷீர்.
தொண்டை போயிருந்தது அவனுக்கு. வெறும் உதடு.

ஜெயித்தால் டீமுக்கே ஆம்பூர் பிரியாணி
என்று நான் விட்ட சவால்
எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது.
பதினொன்றரைக்குத் திறந்திருந்தது இட்லிக் கடை.
'கடன்ல எழுதிக்கடா' என்று
நாற்பத்தாறு இட்லி தின்றார்கள்.

திரும்பும் வழியில் கேன்டீனில் நின்றேன்.
கைக்குட்டையை நனைத்துச் சுவரில் வைக்கப் போனேன்.
பின்னால் நதீம்.
கை வீங்கியிருந்தது, உள்ளங்கை சிவப்பு.
மெதுவாகப் படித்தான், முதல்முறை பார்ப்பதுபோல.

'இருக்கட்டும் வுடுடா.
அடுத்த வாரம் திருச்சி.'