ஒன்பதாம் நாள்

த்ரோம்சோவில் பகலிலும் விளக்கு.
ஐவின் எட்டு நாளாய்ப் பிடித்த மீன்கள்
சுன்னிவாவின் நிரலில் வெற்று எண்களாய்:
12, 0, 0, 31...
குளிரில் அவன் போன் படகிலேயே செத்துவிடும்.
அப்போதும் இவை இருக்க வேண்டும்.

செட்டிங்ஸ் வாங்க மறுக்கிறது,
அம்மணமாய் வந்தால் உள்ளே விடாதாம்.

சரியென்று ஒவ்வொன்றுக்கும் ஒரு @ மாட்டி,
அடைப்புக்குறியால் பொத்தான் போட்டு
வரிசையில் விடுகிறாள்.
பூஜ்யங்களுக்கும் அதே கோட்டு;
வெறுங்கையோடு திரும்பிய நாளுக்கும்
குளிரும்தானே.

நீங்கள் எத்தனை பேர் என்றால்
அணிக்கே தெரியாது.
இவள் ஒன்று கூடுதலாய் எண்ணிவிட்டாள்.
யாருடைய நினைவகமோ,
ஒன்பதாம் நாள் ஐவின் பிடித்தது
முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தாறு.

படகிலிருந்து பதில் வந்தது:
"அழிச்சிடாதே.
அப்பாகிட்ட காட்டணும்."