இருபது எண்ணும் வரை

மாவுப் பீப்பாய்க்குப் பின்னால் கிடந்தது.
அட்டையில் பன்றிக்கொழுப்புக் கறை.
முதல் பக்கத்தில் பெயர்: திருமதி திர்ஸா ஹாலக்.
இப்போது திருமதி ஹாலக் நான்.

ஏப்ரலில் வந்தேன் நெப்ராஸ்காவுக்கு,
ஒரு தையல்பெட்டி, ஆறு கோழிகளோடு.
புல்வேரோடு வெட்டிய மண்கட்டி வீடு.
வெளியே மழை விட்ட பிறகும்
உள்ளே இரண்டு நாள் பெய்யும்.
ஆம்ப்ரோஸ் பேசமாட்டார்.
அவளைப் பற்றி ஒரு சொல், ம்ஹூம்.
பேசியதெல்லாம் அவள்தான்.

'வெண்ணெய், வால்நட் அளவு.'
எந்த வால்நட்? கண்ணுக்கெட்டிய தூரம்
மரமே இல்லை, திர்ஸா.
'மாவு, வேண்டிய மட்டும்.'
'அடுப்புக்குள் கையை நீட்டு.
இருபது எண்ணும் வரை தாங்கினால்
ரொட்டியை வை.'

எனக்குப் பன்னிரண்டிலேயே சுட்டது.
இருபதுக்காகக் காத்திருந்தேன்;
சோளக்கதிர்த் தண்டெல்லாம் சாம்பலாகி
ரொட்டி வெளுத்து, பிணம்போல் வந்தது.
அவர் தின்றுவிட்டு 'நல்லா இருக்கு' என்றார்.
வாயில் அடித்திருக்கலாம்.

அவள் கை காய்த்த கையா?
இல்லை, வேகமாக எண்ணுகிறவளா?

அன்றிரவு பென்சில் எடுத்தேன்.
பிஸ்கட்டுக்குக் கீழே: சோடா அதிகம்.
வினிகர் பைக்குக் கீழே: பொய்,
எலுமிச்சை வாசம் வரவே வராது.
சோப்புக்குக் கீழே, மனசில்லாமல்: சரி.

ஜூலையில், மழைநாளில்,
இருமல் மருந்துப் பக்கத்துக்கு வந்தேன்.
வெங்காயச் சாறு, தேன், மணிக்கொரு கரண்டி.
ஓரத்தில் பொடி எழுத்தில்:
லீவை, நான்கு மணி. ஐந்து. ஆறு.
ஏழு.
அப்புறம் இல்லை.

லீவை என்று ஒருவன் இருந்ததை
இந்த வீட்டில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

புரட்டினால் அடுத்த பக்கம்
வெள்ளரிக்காய் ஊறுகாய்.
நூறு காய், உப்பு ஒரு படி.
எழுத்து கொஞ்சமும் கோணவில்லை.
வெள்ளரி யாருக்காகவும் காத்திருக்காது.
இரண்டு பக்கத்திலும் நான் எதையும் திருத்தவில்லை.

அக்டோபரில் ஒருவழியாகக் கை படிந்தது.
அவளுடைய இருபதை அடிக்கவில்லை.
பக்கத்தில் எழுதினேன்:
'ஓர்ஃபாவின் கைக்குப் பதினாலு.'

அதன் கீழே இன்னும் ஒரு வரிக்கு
இடம் மிச்சம் இருந்தது.
அந்த இடத்தையே கொஞ்சநேரம் பார்த்தேன்.
பிறகு அந்த வாரத்து முட்டைக் கணக்கை எழுதி
அடைத்துவிட்டேன்:
மூன்று டஜன், டஜன் எட்டு சென்ட்,
ஒன்று உடைசல்.