பெயருக்கான கட்டம்

ஷார்ஜா, ரோலா சதுக்கத்துக்குப் பின்சந்து.
ஏசி சொட்டும் இடத்தில் ஒரு பெயின்ட் வாளி.
பத்தொன்பது வருடமாக இங்கே
பாஸ்போர்ட்டில் இருப்பவர்களை
வலமிருந்து இடமாகத் திருப்பி அடிக்கிறேன்.

ழ வராது.
பழனி இங்கே பஸனி.
இளவழுதிக்கு என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள்.
மூன்று முறை அடித்துக் காட்டினேன்.
மூன்றும் தன் பெயரில்லை என்றான்.
நாலாவதற்குக் கையெழுத்துப் போட்டான்,
ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

காளிமுத்து வந்தால் விரல் தயங்கும்.
ஓர் எழுத்தைத் தொட்டால் 'விலை கூடியவன்',
பக்கத்து எழுத்தென்றால் வெறும் காலி.
சம்பளச் சீட்டைப் பார்த்தால் இரண்டாவதுதான் சரி.
மூன்றாவதாக ஒன்றைப் போட்டு
அர்த்தமில்லாமல் அனுப்பிவைத்தேன்.

குடும்பப் பெயர் என்றொரு கட்டம்.
நமக்கேது? அப்பாவை அதில் இறக்கிவைப்போம்.
அப்படித்தான் சஜா கேம்ப்பில்
விடிகாலை நாலரைக்கு
"குருவன்! குருவன்!" என்று ஃபோர்மேன் கத்த
மகன் பஸ் ஏறுகிறான்.
கடலைக்கூடப் பார்க்காமல் செத்த குருவன்
பகலெல்லாம் சாரம் கட்டிவிட்டு
ராத்திரி மகனோடு திரும்புகிறார்.
ஓவர்டைம் அவர் பெயரில்தான் விழுகிறது.

என் கதை வேறு.
சீனி நைனா. தொண்டிக்காரன்.
வந்திறங்கிய அன்று அதிகாரி
தாளைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.
"ஸீனி? நீ சீனாக்காரனா?"
சிரித்து வைத்தேன்.
ரொம்ப நாள் கழித்து யாரோ சொன்னார்கள்,
சர்க்கரைக்கு அந்தப் பெயரே
சீனத்தை ஒட்டி வந்ததுதானாம்.
அந்த மனிதரைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டும்:
ஐயா, நீங்கள் கேட்டதில் பாதி சரி.

நேற்று அஸருக்குப் பிறகு ஒரு மேடம்.
கணக்கு டீச்சர், பூர்வீகம் நாப்ளஸ்.
கூடவே அவள் வீட்டில் வேலைக்கு நிற்கும் நம்மூர்ப் பெண்,
அடையாள அட்டை புதுப்பிக்க.
பாஸ்போர்ட்டில்: போதும்பொண்ணு.
அடித்தேன். பூதும் பூனு என்று வந்தது.
மேடம் திரையில் வாசித்துவிட்டு
"அழகாயிருக்கிறதே, அர்த்தம் என்ன?" என்றாள்.

பின்பாதியைப் பிடித்துக்கொண்டேன்.
"பொன், மேடம். தஹப். தங்கம்."
பாதிப் பொய்க்கு என் பெயரே என்னைப் பழக்கியிருக்கிறது.

"ஏண்ணே அளக்குறீங்க"
என்றாள் போதும்பொண்ணு, என்னிடம்.
மேடத்திடம் சமையலறை அரபியில்:
"பின்த், கலாஸ்."
விரல் நீட்டி எண்ணினாள்,
வாஹித், இத்னேன், தலாத்தா, அர்பா.
ஐந்தாவதை நீட்டவில்லை,
மடக்கித் தன் நெஞ்சில் குத்திக்கொண்டாள்.
"கலாஸ்."

மேடம் சிரிக்கவில்லை.
கைப்பையைத் துழாவித் தன் அட்டையை எடுத்து
கீபோர்டின் மேல் வைத்தாள்.
கிஃபாயா.
அதுவும் போதும்தான்.
"எனக்குப் பிறகும் ரெண்டு பெண்கள்" என்றாள்.
"மேலே யாரும் வாசிக்கவில்லை போலிருக்கிறது."

தமிழில் சொன்னேன்.

"எனக்கப்புறம் தம்பி.
எங்க வீட்ல பேரு பலிச்சிருச்சு.
அவனுக்குத்தான் மாசம் பொறந்தா அனுப்புறேன்.
பத்தல பத்தலங்கிறான்.
ஒரு தடவகூட அவன் வாயில
என் பேரு வந்ததில்லண்ணே."

இதை அரபியாக்க எனக்கு நேரம் பிடித்தது.
பிரின்டர் வேறு இழுத்துக்கொண்டு நின்றது.
அதற்குள் அவர்கள் இரண்டு அட்டைகளையும்
சேர்த்து வைத்துப்
படத்தில் யார் கிழவி என்று
சைகையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கஃபெட்டேரியா பையன்
கதவை முதுகால் தள்ளி உள்ளே வந்தான்,
மூன்று காகிதக் கோப்பை, வாயில் ஒரு ஸ்பூன்.
ஸ்பூனை எடுத்துவிட்டுக் கேட்டான்:
"சீனி போதுமா?"

நானும் நிமிர்ந்தேன், அவளும் நிமிர்ந்தாள்.
அவள் சிரித்த சிரிப்பில்
டீ தளும்பிப் படிவத்தில் விழுந்தது.
மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும்.

மேடம் ஒருவர் மாற்றி ஒருவராக எங்களைப் பார்த்தாள்.
"என்ன? என்ன சொன்னான் அவன்?"