இருபத்திரண்டு நிமிடம்

மாலை முறை முடிந்து வந்த கையில்
வெண்ணெயும் வனிலாவும் மணக்கிறது.
பிஸ்கட் தொழிற்சாலையின் மணம்
எந்தச் சோப்புக்கும் போகாது.
குளிருக்குக் கையுறை போட்டால்
உள்ளே ஒரு பேக்கரி.

லாங்னாவுக்கு மேலே, ரெகுலாவின் வைக்கோல் கொட்டகை.
கூரையில் ஆறு பலகை கழற்றிச்
சறுக்குக் கதவு வைத்திருக்கிறாள்.
கீழே டிராக்டர், மேலே தொலைநோக்கி.
அவள் மாட்டு வைத்தியர்.
பசுவின் வயிற்றுக்குள் தோள்வரை கைவிட்டுத்
தடவியே கண்டுபிடிப்பவளுக்கு
இது பெரிய இருட்டில்லையாம்.

இரவொன்றுக்கு நூற்றிருபது விண்மீன் திரள்கள்.
ஒவ்வொன்றுக்கும் பழைய படம், புதிய படம்.
பழையதில் இல்லாதது புதியதில் உண்டா?
இல்லை. அடுத்தது.
இல்லை. அடுத்தது.
ஐந்து குளிர்காலமாகச் சொல்லிச் சொல்லி
அந்த ஒரு சொல்லில் நாங்கள் தேர்ந்துவிட்டோம்.

ஜனவரி பதினேழு. மைனஸ் பதினொன்று.
எழுபத்து நான்காம் திரளில்
சுருள் கை முடிகிற ஓரத்தில்
உளுந்தளவு வெளிச்சம்.
நான் ரெகுலாவைப் பார்த்தேன்.
ரெகுலாவின் தொலைபேசி அடித்தது.
ட்ரூப் பக்கம் ஒரு பண்ணை,
கன்று குறுக்கே கிடக்கிறதாம்.
பூட்ஸை மாட்டியபடியே சொன்னாள்:
"நம்பாதே. மூன்று தரம் பார்."

நம்புவதில் எனக்குப் பழக்கமுண்டு.
மணவறையில், பட்டப்பகலில்,
சீலிங் ஃபேனுக்கும் அப்பால் கைகாட்டி
அருந்ததி தெரிகிறதா என்று ஐயர் கேட்க
தெரிகிறது என்றவள் நான்.
அவரும் தெரிகிறது என்றார்.
இருவரும் கூடிச் சொன்ன முதல் பொய்.

இங்கே தலையாட்டினால் நடக்காது.
சிறுகோளா? பட்டியலில் அந்த இடத்தில் ஒன்றுமில்லை.
கமராவின் கோளாறா?
குழலைச் சற்றே நகர்த்தி இன்னொரு படம்.
இருக்கிறது.
கால் மணி பொறுத்து மூன்றாவது.
நாப்ஃப் மலைப் பக்கமிருந்து மேகம்,
தூக்கத்தில் போர்வை இழுக்கிற ஆள்போல.
பாதிப் படத்தில் வானம் மூடிக்கொண்டது.
பாதி போதுமா?
பாதிக்குள் அது அசையாமல் இருந்தது.

படிவம் குடும்பப் பெயர் கேட்டது.
நமக்கு ஏது குடும்பப் பெயர்?
பெர்ன் அலுவலகத்தில் யாரோ
அப்பாவின் பெயரைத் தூக்கி அந்தக் கட்டத்தில் போட்டதிலிருந்து
சம்பளச் சீட்டிலும் பல் வைத்தியரிடமும்
நான் ஃப்ராவ் கார்த்திகேசு.
பெயரிலேயே ஆறு மீன் வைத்திருந்தும்
அப்பா அண்ணாந்து பார்த்தது
மழை வருமா என்பதற்கு மட்டும்.
பருத்தித்துறை பஸ் டிப்போவில் நேரக் கணக்கர்.
எந்த வண்டி எத்தனை நிமிடம் பிந்தியதென்று
சிவப்பு மையில் எழுதுவது உத்தியோகம்.
கண்டவர்கள்: வ்யூத்ரிஷ், கார்த்திகேசு.
அனுப்பினேன்.

நாலு மணிக்குப் பதில்.
பின்லாந்தில் ஒருவர் முந்திவிட்டார்,
இருபத்திரண்டு நிமிடம்.
பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவராம்.

ஆறு கோடி ஆண்டு நடந்து வந்த வெளிச்சம்.
அதற்கு நான் பிந்தியது இவ்வளவுதான்.
மூன்றாவது படத்துக்குக் காத்திருந்த நேரம்,
பாதி போதுமா என்று நகம் கடித்த நேரம்,
பெயரைப் பிழையின்றித் தட்டிய நேரம்.
அன்றுபோல் உடனே
தெரிகிறது என்றிருக்கலாம்.
அப்பா சிவப்பு மைப்புட்டியைத் திறந்திருக்க மாட்டார்.

கார் விளக்கு மேலேறி வந்தது.
சட்டைக் கை தோள்வரை காய்ந்த ரத்தம்.
ஏணியின் கீழே நின்றே கேட்டாள்:
"இருக்கிறதா?"
அதே கேள்வி என் வாயிலும் இருந்தது.
"இருக்கிறது" என்றேன்.
"எழுந்து நின்றுவிட்டது" என்றாள் அவள்.

பின்லாந்துக்காரரைப் பற்றிச் சொன்னேன்.
வாளித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டே
கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.
பிறகு,
"அங்கே குளிர் எவ்வளவாம்?"

வடக்கே மேகம் ஒரு முழம் விலகியிருந்தது.
பையிலிருந்து உடைந்த பிஸ்கட்டுகளை எடுத்தேன்.
எழுபத்தைந்து.
பழைய படம்.
புதிய படம்.