ஒற்று

மூன்று வருஷத்துக்கு முன்
அச்சடித்தவன் அவசரத்தில் விட்டுவிட்டான்.
மஞ்சள் ஜெர்சியின் முதுகில்
'புதுபாளையம்' என்றே இருந்தது.
திருப்பிக் கொடுக்க நேரமில்லை.
அன்றைக்கு மூன்றுக்குச் சைபர்.

அதே நாள் காலையில்
சண்பகம் கடையில் இட்லி தீர்ந்து
சேமியா உப்புமாதான் மிச்சம்.
ஆறி, இறுகி,
கரண்டியின் வடிவத்திலேயே தட்டில் உட்கார்ந்திருந்தது.
அதையும் தின்றிருந்தோம்.

பிறகென்ன,
மேட்ச் என்றால் உப்புமா.
சூடாக வைத்தால் கலியமூர்த்தி தொடமாட்டார்.
"ஆறட்டும்மா, ஜெயிக்கணும்ல" என்று
ஃபேனுக்கு நேரே தட்டை வைத்துக் காத்திருப்பார்.
இன்னாசியின் கையுறையைத் துவைக்கக் கூடாது.
கெடிலம் பாலம் தாண்டும்வரை
ஷேர் ஆட்டோவில் யாரும் ஸ்கோர் பேசக் கூடாது.
ஜாகீர் கடைக்கு மறக்காமல் சொல்லி அனுப்ப வேண்டும்:
"அந்த 'ப்' வேணாம் பாய்."

இந்தத் தடவை பாய் ஊரில் இல்லை.
கம்ப்யூட்டர் முன்னால் பூங்கோதை,
பி.ஏ. தமிழ், கடைசி வருஷம்.
பைனலுக்கு முந்தின ராத்திரி பார்சலைப் பிரித்தால்
பதினாறு முதுகிலும்
கொழுகொழுவென்று ஒரு 'ப்',
தலையில் புள்ளியோடு.

போன் போட்டோம்.
"அங்க வல்லினம் மிகும்ணே" என்றாள்.
"தெரியும்மா.
மிகாமதான் இத்தனை நாளா ஜெயிச்சோம்."

விடிய விடிய
பிளேடாலும் நகத்தாலும் சுரண்டினோம்.
புள்ளி மட்டும் சுலபமாக உதிர்ந்தது.
'புதுபபாளையம்' என்று
பதினைந்து முதுகுகள் திக்கின.
ஏழாம் நம்பர் ரியாஸின் சட்டையில்
எழுத்தோடு துணியும் வந்துவிட்டது.

ஒன்றுக்கு இரண்டு. தோற்றோம்.
உப்புமா வெதுவெதுப்பாக இருந்தது என்றார் கலியமூர்த்தி.
கையுறையில் சோப்பு வாசனை வந்ததாக
இன்னாசியின் தம்பி மேல் ஒரு சந்தேகம்.
வண்ணாரப்பாளையத்துக்காரர்கள் நன்றாக ஆடினார்கள் என்பதை
யாரும் எடுக்கவே இல்லை.

மறுநாள் பூங்கோதை
சண்பகம் கடைக்கு வந்தாள்.
ஆறின தட்டு ஒன்று கேட்டு வாங்கி
முகம் சுளிக்காமல் தின்று முடித்தாள்.
"அடுத்த வருஷம் எப்படிண்ணே அடிக்கணும்?"

யாருக்கும் பதில் வரவில்லை.
நாங்கள் போட்ட அந்த ஒரே கோல்
ரியாஸ் போட்டது என்பது
அப்போதுதான் கலியமூர்த்திக்கு உறைத்தது.
டீயைக் கீழே வைத்தார்.

"நீ இலக்கணப்படியே அடிச்சுடும்மா," என்றார்.
"அடிச்சுட்டு,
ஒற்று இருக்கிற இடத்துல
ஒரு ஓட்டை."

சிரிப்பாள் என்று பார்த்தோம்.
பில் புத்தகத்தின் பின்பக்கம்
எழுதிக்கொண்டாள்:
பதினாறு ஓட்டை.